தீவு எங்கே போனது என்று கேட்கும் முன்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். மெக்சிகோ வளைகுடாவில் காணாமல் போனதாகச் சொல்லப்படும் பெர்மெஹா தீவைப் பற்றி ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும் ஒலி ஆவண நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டு அசந்துபோயிருக்கிறீர்கள். ஒரு சிற்றிதழுக்கு அதன் மதிப்புரையை எழுதித் தருவதாகவும் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். ஆனால் பூகோளம் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனதால், எண்ணெய்க்காக அமெரிக்க உளவுத்துறை அந்தத் தீவைத் தகர்த்துவிட்டது என்ற பேச்சு உண்மையா, இப்படிப்பட்ட நிகழ்ச்சியை எதைக் கொண்டு எடைபோடுவது என்று கேட்கிறீர்கள். இரண்டும் ஒரே கேள்விதான் என்பது என் எண்ணம். அந்த ஒரு மணி நேரத்தில் உங்களுக்கு எவ்வளவு சொல்லப்பட்டது, எவ்வளவு மூட்டிவிடப்பட்டது? மதிப்புரை எழுதுகிறவர் பிரித்துக் காட்ட வேண்டியது அதைத்தான்.

நான் சரக்குக் கப்பல்களில் நெடுங்காலம் டெக் ஆபீசராக, அதாவது கப்பலை வழிநடத்தும் அதிகாரியாக, இருந்தவன். செகண்ட் ஆபீசராக இருந்த ஆண்டுகளில் கடல் வரைபடங்களைத் திருத்தி வைப்பது என் பொறுப்பு. ஹூஸ்டனுக்கும் வெராகுரூஸுக்கும் போகும் வழியில் அந்த வளைகுடாவைக் கடந்திருக்கிறேன். ஆகவே வரைபடம், ஆழம், தூரம் பற்றி உறுதியாகப் பேசுவேன். எல்லை ஒப்பந்தங்களைப் பற்றிப் படித்தறிந்த அளவுக்குத்தான் பேச முடியும். ஒலிப்பதிவுக் கலையில் எனக்குப் பயிற்சி கிடையாது. அங்கே நானும் உங்களைப் போல ஒரு கேட்பவன்தான். உங்கள் கேள்வியைப் பார்த்த பிறகு நிகழ்ச்சியை முழுவதும் கேட்டுவிட்டே இதை எழுதுகிறேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவை. பெர்மெஹா என்ற பெயர் 16ஆம் நூற்றாண்டிலிருந்து ஸ்பானியக் கடலோடி நூல்களில் இருக்கிறது. 1539இல் அலோன்சோ தெ சாந்தா குரூஸ் தொகுத்த தீவுகளின் பட்டியலில் அது வருகிறது. அலோன்சோ தெ சாவேஸ் என்பவர் தூரத்திலிருந்து பார்த்தால் செந்நிறமாகத் தெரியும் சிறு தீவு என்று எழுதிவைத்தார். யூகத்தான் தீபகற்பத்துக்கு வடமேற்கே, ஏறத்தாழ வடக்கு 22 பாகை 33 கலை, மேற்கு 91 பாகை 22 கலை என்பது அதற்குச் சொல்லப்படும் இடம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை). பரப்பு 80 சதுர கிலோமீட்டர் என்பார்கள். 1844வாக்கில் ஆங்கிலேய வரைபடக்காரர்கள் அது 60 ஃபேதம், அதாவது சுமார் 110 மீட்டர், ஆழத்தில் மூழ்கிவிட்டது என்றார்கள். இருந்தும் 1921இல் வெளிவந்த மெக்சிகோ நிலப்பட நூலில் அது இடம்பெற்றது. 1997இல் மெக்சிகோ கடற்படை தேடியது, கிடைக்கவில்லை. 2009இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கீழவை கேட்டுக்கொண்டபடி மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தார் தேடினார்கள். சொல்லப்பட்ட இடத்திலும் இல்லை, அக்கம்பக்கத்திலும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். இவ்வளவையும் நிகழ்ச்சி பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. அதற்கு மதிப்பெண் கொடுத்துவிடுங்கள்.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. தொடங்கிய சில நிமிடங்களுக்குள் தொகுப்பாளர் குரலைத் தாழ்த்தி, “அந்தத் தீவு எங்கே போனது?” என்று கேட்கிறார். அடுத்த ஐம்பது நிமிடமும் அந்தக் கேள்விக்கான விடையைத் தேடியே ஓடுகிறது. தீவு இருந்தது என்ற முடிவு அந்தக் கேள்விக்குள்ளேயே ஒளிந்து உள்ளே வந்துவிட்டதைக் கேட்பவர் கவனிப்பதில்லை. இருந்ததா என்று கேட்டுவிட்டு அதன் பிறகல்லவா எங்கே போனது என்று கேட்க வேண்டும்? அச்சில் படித்தால் நாம் அந்த வரியில் நின்று யோசிப்போம். காதில் விழும்போது நிற்க நேரம் கிடைப்பதில்லை. அடுத்த வாக்கியம் வந்துவிடுகிறது, பின்னால் அலையோசை வேறு.

இருந்ததா என்ற கேள்விக்கு வரைபடங்கள் சாட்சி சொல்கின்றனவே, நானூறு ஆண்டுகளாக இத்தனை பேர் வரைந்திருக்கிறார்களே என்று நிகழ்ச்சி வாதிடுகிறது. வரைபடத்தில் கைவைத்து வேலை செய்தவனுக்கு இந்த வாதத்தைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். நூறு வரைபடங்கள் என்பது நூறு சாட்சிகள் ஆகாது. ஒருவர் பார்த்ததாகச் சொன்னதை மற்ற தொண்ணூற்றொன்பது பேர் பார்த்து வரைந்திருந்தால் அங்கே இருப்பது ஒரே ஒரு சாட்சிதான். பெர்மெஹாவில் இறங்கி நடந்தேன், தண்ணீர் எடுத்தேன், நங்கூரம் போட்டேன் என்று சொல்லும் ஒரு மாலுமியின் குரலையாவது இந்த நிகழ்ச்சி கொண்டுவருகிறதா? முழுவதும் கேட்டேன், வரவில்லை.

ஏன் இப்படி ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைந்துகொண்டே போனார்கள் என்பதற்கு நல்ல காரணம் உண்டு. காகித வரைபடக் காலத்தில் வாரந்தோறும் கடலோடிகளுக்கான அறிவிப்புப் புத்தகம் வரும். அதைப் பார்த்து, மெல்லிய முனைப் பேனாவில் ஊதா மை தொட்டு, புதிதாகக் கண்ட பாறை, இடம் மாறிய மிதவை, மூழ்கிய கப்பல் என்று ஒவ்வொன்றாகக் குறித்து, வரைபடத்தின் இடது கீழ்மூலையில் ஆண்டையும் அறிவிப்பு எண்ணையும் எழுத வேண்டும். அந்த வேலையில் ஒன்று புரியும்: ஓர் ஆபத்தைச் சேர்ப்பது எளிது, நீக்குவது மிகக் கடினம். இல்லாத பாறையை வரைபடத்தில் விட்டுவைத்தால் கப்பல் சில மைல் சுற்றிப் போகும், எண்ணெய்ச் செலவு கூடும், அவ்வளவுதான். இருக்கிற பாறையை இல்லை என்று அழித்துவிட்டால் ஆள் சாவார்கள். அதனால் சந்தேகமானவற்றை அழிக்காமல் பக்கத்தில் ஓர் எச்சரிக்கைக் குறிப்பைப் போட்டு வைப்பது வழக்கம். இடம் ஐயத்துக்குரியது என்பதற்கு ‘பி.டி.’, இருப்பதே ஐயத்துக்குரியது என்பதற்கு ‘ஈ.டி.’. பிரிட்டிஷ் கடற்படையின் வரைபடத் துறை 1875இல் துணிந்து பசிபிக் வரைபடத்திலிருந்து இப்படிப்பட்ட 123 தீவுகளை ஒரே மூச்சில் நீக்கியது. அவற்றில் மூன்று உண்மையிலேயே இருப்பது பிறகு தெரியவந்தது. நீக்குகிறவன் கை ஏன் நடுங்குகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இது பழங்காலத்துக் கதை மட்டுமல்ல. பவளக் கடலில், ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் இடையே, சாண்டி ஐலண்ட் என்று ஒரு தீவு 2012 வரை உலக வரைபடங்களில் இருந்தது. 24 கிலோமீட்டர் நீளம், 5 கிலோமீட்டர் அகலம், மன்ஹாட்டனைவிடப் பெரியது. ‘வெலாசிட்டி’ என்ற திமிங்கில வேட்டைக் கப்பல் 1876இல் அங்கே அலை உடைவதையும் மணல் திட்டுகளையும் கண்டதாகச் சொன்னது. 1908 பிரிட்டிஷ் வரைபடத்தில் அது ஏறியது. பிரெஞ்சுக்காரர்கள் 1970களிலேயே தங்கள் வரைபடங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் காகிதத்திலிருந்து கணினிக்குக் கடற்கரைக் கோடுகளை மாற்றியபோது பழைய பிழையும் சேர்ந்து எண்ணாக மாறி, அந்தத் தரவைப் பயன்படுத்திய எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது. கூகுள் எர்த்தில்கூட கருப்புத் திட்டாகத் தெரிந்தது. 2012 நவம்பரில் ‘சதர்ன் சர்வேயர்’ ஆய்வுக்கப்பலில் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் மரியா சீட்டனும் உடன் ஆய்வாளர்களும் போய்ப் பார்த்தபோது தீவு இருக்க வேண்டிய இடத்தில் 1,300 மீட்டருக்குக் குறையாத ஆழம். பிறகு அந்தத் தீவுக்கு ஓர் இரங்கற்குறிப்பு போலவே ஆய்வுக் கட்டுரை எழுதி வெளியிட்டார்கள். எரிமலை வெடிப்பில் வெளிவந்து கூட்டமாக மிதக்கும் நுரைக்கற்களை ‘வெலாசிட்டி’ பார்த்திருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன ஊகம். டோங்காப் பக்கத்து நுரைக்கற்கள் மிதந்துபோகும் வழியில் அந்த இடம் இருப்பதால், நம்பத் தகுந்த ஊகம்தான். பெர்மெஹாவைப் பற்றிப் பேசும் நிகழ்ச்சி இந்தத் தீவைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்பவருக்கு மர்மம் பாதியாகக் குறைந்திருக்கும். அதனால்தான் சொல்லவில்லையோ என்னவோ.

பெர்மெஹாவுக்கு வருவோம். 16ஆம் நூற்றாண்டில் அட்சரேகையை நண்பகல் சூரியனை வைத்துக் கணக்கிட்டார்கள். ஆடும் கப்பலில் அரைப் பாகை பிசகுவது சாதாரணம். தீர்க்கரேகையோ, ஜான் ஹாரிசனின் கடற்கடிகாரம் 18ஆம் நூற்றாண்டில் வரும் வரை, கப்பல் எவ்வளவு வேகத்தில் எத்தனை நேரம் ஓடியது என்ற மதிப்பீடுதான். இப்போது வரைபடத்தை விரித்து பெர்மெஹாவின் இடத்திலிருந்து நேர் தெற்கே விரலை நகர்த்துங்கள். காயோ அரேனாஸ் என்ற உண்மையான மணல் தீவு வருகிறது. அது வடக்கு 22 பாகை 7 கலை, மேற்கு 91 பாகை 24 கலை. இரண்டுக்கும் தீர்க்கரேகை கிட்டத்தட்ட ஒன்றே. அட்சரேகை வித்தியாசம் 26 கலை; ஒரு கலைக்கு ஒரு கடல் மைல் என்று வைத்தால் 26 கடல் மைல், சுமார் 48 கிலோமீட்டர். அந்தக் காலத்துக் கருவியில் அரைப் பாகைக்கும் குறைவான பிசகு. காம்பெச்சே மேடை எனப்படும் அந்த ஆழமற்ற சுண்ணாம்புப் பாறைப் பரப்பில் அலாக்ரானெஸ், திரியாங்குலோஸ், காயோஸ் ஆர்காஸ் என்று இப்படிப்பட்ட திட்டுகள் இன்னும் பல உண்டு. அவற்றில் ஒன்றை யாரோ ஒரு மாலுமி மாலை வெயிலில் செந்நிறமாகப் பார்த்து, இடத்தைப் பிசகிக் குறித்து, அது தனித் தீவாகப் பட்டியலில் ஏறியிருக்கலாம். இது என் ஊகம், நிரூபிக்க முடியாது. ஆனால் வெடிகுண்டுக்குப் போகும் முன் இதைத் தாண்டித்தான் போயாக வேண்டும். நிகழ்ச்சியில் ஒரு முறையாவது ‘பக்கத்தில் இருக்கும் தீவு எது, எவ்வளவு தூரம்’ என்று யாராவது கேட்கிறார்களா பாருங்கள். கேட்கவில்லை.

வெடி வைத்தார்களா என்பதற்கு என் பதில்: இல்லை. இதில் நான் தயங்க மாட்டேன். குண்டினால் ஒரு தீவை அழிக்க முடியுமா என்றால் முடியும்; 1952 நவம்பரில் பசிபிக் கடலின் எனிவெடோக் பவளத் தீவுக்கூட்டத்தில் அமெரிக்கா வெடித்த முதல் ஹைட்ரஜன் குண்டு எலுகெலாப் என்ற திட்டை இல்லாமல் செய்தது. ஆனால் அது ஒரு சின்னஞ்சிறு திட்டு. அதற்கே 10 மெகாடன், அதாவது ஒரு கோடி டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமமான ஆற்றல், தேவைப்பட்டது; சுமார் இரண்டு கிலோமீட்டர் அகலப் பள்ளம் இன்றும் அங்கே இருக்கிறது. பெர்மெஹா சொல்லப்பட்ட இடத்தில் கடல் ஆயிரம் மீட்டருக்கும் அதிக ஆழம். கணக்கு வசதிக்காக ஆயிரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 80 சதுர கிலோமீட்டர் தீவு ஒன்று அங்கே தலைகாட்ட வேண்டுமானால், செங்குத்தாக எழுந்தால்கூட, அடியில் 80 கன கிலோமீட்டர் பாறை நிற்க வேண்டும். 1883இல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்து வெளியேற்றியது சுமார் 20 கன கிலோமீட்டர். அந்தச் சத்தம் 4,800 கிலோமீட்டருக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலின் ரோட்ரிக்ஸ் தீவில் கேட்டது. அதைப் போல நான்கு மடங்கை மீனவர்களும் எண்ணெய்க் கப்பல்களும் நிறைந்த வளைகுடாவில் யாருக்கும் தெரியாமல் செய்தார்கள் என்பதை எப்படி நம்புவது? தீவு அவ்வளவு பெரியதல்ல, சிறியதுதான் என்று வைத்துக்கொண்டாலும் சிக்கல் தீராது. குண்டு மேலே இருப்பதைத்தான் கொண்டுபோகும். தீவைத் தாங்கி நின்ற மலை தண்ணீருக்கடியில் அப்படியே இருக்கும். ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் வைத்த எந்தக் கப்பலுக்கும் அது தெரியும். 110 மீட்டரில் மூழ்கியது என்ற 1844 கதைக்கும், கடல்மட்டம் உயர்ந்து மூழ்கியது என்ற கதைக்கும் இதே பதில்தான். 1900இலிருந்து உலகக் கடல்மட்டம் உயர்ந்தது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். மணல் திட்டின் தலையை மூடலாம். ஆயிரம் மீட்டர் மலையைக் கரைக்காது.

சதிக் கதைக்கு உயிர் கொடுப்பது அரசியல். அந்தப் பகுதி பொய்யல்ல. கரையிலிருந்து 200 கடல் மைல் வரை கடல் வளம் அந்தந்த நாட்டுக்கே; தீவு இருந்தால் அந்தத் தூரத்தைத் தீவிலிருந்தும் அளக்கலாம். இந்த எல்லைகளை வரையறுத்து அமெரிக்காவும் மெக்சிகோவும் 1978இல் ஒப்பந்தம் செய்தன. அமெரிக்கா அதை 1997இல்தான் உறுதிசெய்தது. இரு நாட்டு எல்லைக்கும் அப்பால் வளைகுடாவின் நடுவே மேற்கு இடைவெளி என்ற துண்டு எஞ்சியது. சுமார் 17,000 சதுர கிலோமீட்டர், அடியில் எண்ணெய் இருக்கும் என்ற எதிர்பார்ப்பு. 2000 ஜூனில் அதைப் பங்கிட்டுக்கொண்டார்கள்: மெக்சிகோவுக்கு 62 விழுக்காடு, அமெரிக்காவுக்கு 38. இதைப் பற்றிக் கேள்வி எழுப்பிவந்த ஹோசே ஆங்ஹெல் கொன்செயோ என்ற மெக்சிகோ செனட்டர் 1998இல் கார் விபத்தில் இறந்தார். இவை எல்லாம் நடந்தவை. நிகழ்ச்சி இவற்றை வரிசையாக அடுக்குகிறது. கேட்பவர் மனம் தானாகவே முடிச்சைப் போட்டுக்கொள்கிறது. ஆனால் தீவு கடைசியாக வரைபடத்தில் இடம்பெற்றது 1921இல் என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது. எல்லைப் பேச்சு தொடங்கியதோ அரை நூற்றாண்டு கழித்து. இன்னொன்று, 1978 எல்லையை வகுக்கும்போது யூகத்தானை ஒட்டிய மெக்சிகோவின் வெளித்தீவுகளையும் முழுக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். பெர்மெஹா இருந்திருந்தாலும் கூடுதல் ஆதாயம், எல்லையை அளக்கத் தொடங்கும் புள்ளி காயோ அரேனாஸிலிருந்து அந்த 26 மைல் வடக்கே தள்ளிப் போவதாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் எத்தனை எண்ணெய் கைமாறியிருக்கும் என்பதைக் கடல் சட்டம் படித்தவர்தான் சொல்ல வேண்டும். நான் வரைபடத்தில் டிவைடரை வைத்து அளந்து சொல்கிறேன், அவ்வளவே.

இனி ஒலி. ஒரு கேட்பவனாக எனக்குப் பிடித்த இடம், ஆவணக் காப்பகத்தில் ஒரு பெண் வரலாற்றாசிரியர் பழைய வரைபடத்தை விரித்து அதில் இருப்பதைப் படிப்படியாகச் சொல்லும் பகுதி. தடித்த தாள் புரளும் சத்தம், அவர் குனிந்ததும் குரல் சற்று அடைபடுவது, ஒரு பெயரைப் படிக்க முடியாமல் திணறி மறுபடி படிப்பது, இசை இல்லை. வரைபடத்தைக் காட்ட முடியாத ஊடகத்தில் வரைபடத்தைக் காட்டிவிட்டார்கள். இந்த ஒரு பகுதிக்காகவே நிகழ்ச்சியைப் பாராட்டலாம். எதிர்ப்பக்கம், செனட்டரின் மரணம். கார் பிரேக் கிறீச்சிடும் ஒலி, பிறகு மூன்று வினாடி மௌனம், பிறகு பியானோவில் ஒரே கட்டை. அது எந்த விபத்தின் ஒலியும் அல்ல. ஒலிக் களஞ்சியத்திலிருந்து எடுத்தது. ஒரு மனிதர் இறந்த செய்தியின் மேல் கற்பனைச் சத்தத்தை ஏற்றுவதும், ‘இது கொலை என்று நாங்கள் சொல்லவில்லை’ என்று பின்னாலேயே சொல்லிக்கொள்வதும் எனக்குக் கசந்தது. வாய் சொல்லாததைப் பியானோ சொல்லிவிடுகிறது.

நிமிடக் கணக்கையும் பாருங்கள். 2009 தேடலைப் பற்றிய பகுதி கடைசியில், ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக வருகிறது. அந்த ஆய்வாளரின் ஸ்பானியக் குரல் இரண்டு சொல் கேட்டதும் ஆங்கில மொழிபெயர்ப்புக் குரலின் அடியில் அமுங்கிவிடுகிறது. சதி உண்டு என்பவருக்கோ அவர் குரலே முழுதாக, மூச்சோடு கிடைக்கிறது. ஆழம் எவ்வளவு என்ற எண்ணை நிகழ்ச்சி எங்குமே சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? எண்ணெய்ப் பீப்பாய்க் கணக்கு மூன்று முறை வருகிறது. பூகோளம் தெரியாது என்று நீங்கள் சங்கடப்பட வேண்டாம். எந்த எண் சொல்லப்பட்டது, எது விடுபட்டது, யாருக்கு எத்தனை நிமிடம் என்று கையில் ஒரு தாளை வைத்துக் குறித்துக்கொண்டு கேட்டாலே போதும்.

மதிப்புரையில் என்ன எழுதலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். காப்பகப் பகுதியின் நேர்த்தியை முதலில் சொல்லுங்கள். கொடுத்த ஆண்டுகளும் பெயர்களும் பெரும்பாலும் சரி என்பதையும் மறைக்காதீர்கள். பிறகு ஆழத்தைச் சொல்லாததை ஒரு பத்தியில் கேளுங்கள். தயாரித்தவர்களுக்கு அது தெரியாமலிருக்க வழியில்லை. 2009 அறிக்கையைப் படித்தவர்கள் என்று அவர்களே நிகழ்ச்சியில் சொல்கிறார்கள். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று பத்திரிகை கேட்டால், நான் ஒலிக்கு நான்கும் நேர்மைக்கு இரண்டும் தனித்தனியாகக் கொடுப்பேன். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்க ஒப்ப மாட்டேன்.